பெயிண்டுக்கு வெல்லம்

கம்பஞ்சோற்றை அள்ளப் போன கை மணிக்கட்டோடு மடங்கி மோர்க் கிண்ணத்துக்குள் விழுந்தது. திருமூர்த்தி கையைத் தூக்கிப் பார்த்தான். முழங்கை வந்தது, முன்கை வந்தது, அதற்கு அப்பால் இருந்தது மட்டும் வரமாட்டேன் என்று தொங்கியது. விரல் நுனிகளில் மோர் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்காரன் கையை இரவல் வாங்கி வந்தவன் மாதிரி அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, மோருக்குள்ள மீனா புடிக்கறீங்க?" என்றாள் பாவாத்தாள், அடுப்படியிலிருந்து.

"கை எந்திரிக்க மாட்டீங்குது புள்ள."

"எப்படி எந்திரிக்கும்? காத்தால உங்களைய எழுப்பறதுக்கே என்ற உசுரு போவுது. இனிக் கையத் தனியா எழுப்போணுமாக்கும்."

சொல்லிவிட்டுத்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். புருஷனுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். ரேகைகளுக்குள் நீலமும் சிவப்புமாகப் பெயிண்டு ஏறிக் கிடந்தது. எத்தனை சீமெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாத பெயிண்டு. "புடிங்க" என்றாள். அவன் அவளுடைய விரலைப் பிடித்தான். பிடிக்கு ஏதோ கொஞ்சம் பலம் இருந்தது. "தூக்குங்க" என்றாள். தூக்க முடியவில்லை. நெற்றியில் வேர்வை அரும்பியதுதான் மிச்சம். பயம் வந்தால் சில பெண்களுக்கு அழுகை வரும், சிலருக்கு மயக்கம் வரும். பாவாத்தாளுக்கு ஏளனம்தான் வரும். பிறந்த ஊரான தொண்டாமுத்தூரில் ஒருமுறை யானை வந்து அவரைப் பந்தலைச் சாய்த்தபோது, வீட்டார் எல்லாரும் பரண்மேல் ஏறி நடுங்கிக்கொண்டிருக்க, "பந்தி பலமா இருக்குதா, இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்று கீழே நின்றபடி யானையைக் கேட்டவள் அவள். கேட்டுவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள் என்பது வேறு விஷயம்.

"பிரஷ் புடிச்சுப் புடிச்சு மரத்துப் போயிருக்கும்" என்றான் திருமூர்த்தி. "நடந்தாச் சரியாயிரும்."

"கையில தான நடக்கறீங்க, சரியாயிரும் போங்க."

அவன் போயேவிட்டான். அதுதான் அவனுடைய பெரிய குணம். வைதால் கேட்டுக்கொள்வான், பிறகு தான் நினைத்ததைச் செய்வான்.

போன இடம் மேட்டுப்பாளையம் ரோட்டில் லட்சுமணசாமி முதலாளியின் மோட்டார் பட்டறை. அங்கே பஸ்ஸுக்குக் கூடு கட்டுவார்கள். மரச் சட்டத்தில் தகரத்தை அடித்து, இருக்கை போட்டு, கடைசியாகப் பெயிண்டு. பைக்காராவிலிருந்து கரண்டு வந்தாலும் வந்தது, கோயமுத்தூரில் மில்லும் பஸ்ஸும் மழைக்கு முளைத்த காளான் மாதிரி முளைத்துக் கொண்டிருந்தன. பெயிண்டு அடிக்கிற கொட்டாய் முன்பு பருத்திக் கொட்டை நீக்குகிற பஞ்சரவை நடந்த தகரக் கொட்டாய். அதற்கு ஜன்னல் இருந்தது. ஆனால் திறக்கக் கூடாது. ரோட்டுப் புழுதி வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டால் முதலாளிக்கு மனசு தாங்காது. ஆகையால் சாக்குப் படுதா போட்டு, கதவைச் சாத்தி, உள்ளே ஆறேழு பேர் பொழுதுக்கும் உப்புத்தாள் போட்டுப் பழைய பெயிண்டைத் தேய்ப்பார்கள். அது மாவாகப் பறக்கும். சீமையிலிருந்து தகர டிரம்மில் வருகிற வெள்ளைப் பொடியை எண்ணெய் விட்டுக் குழைப்பார்கள். அதுவும் பறக்கும். அதன்மேல் டர்பன்டைன் வாசனை. கதவைத் திறந்து வெளியே வந்தால் பூமி ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். கழுதைக்குத் தெரியாத கற்பூர வாசனை தனக்குத் தெரிந்துவிட்ட பெருமையில் திருமூர்த்தி, "அந்த வாசம் இல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது புள்ள" என்பான். சோறு எங்கே இறங்கியது? இரண்டு வருஷமாக வயிறு கட்டிப்போய், சூலை மாதிரி முறுக்கி, பாயைச் சுருட்டுவது போல அவனைச் சுருட்டிச் சுருட்டிப் போட்டது. விளக்கெண்ணெய் குடித்தான். வயிறு அசையவில்லை. கோடாங்கிக்காரன் வந்து, கிழக்கு மூலையில் ஒரு பெண் தெய்வம் கோபமாக இருக்கிறது என்றான். "கெழக்கு மூலையில எங்க அத்தை ஊடுதான் இருக்குது, சாமி சரியாத்தான் சொல்லுது" என்று அவனை அனுப்பிவைத்தாள் பாவாத்தாள்.

வீதிக்கு வேறு கண்டுபிடிப்பு இருந்தது. சாயங்காலம் கொட்டாயிலிருந்து தள்ளாடி வருகிறவன், வெளிறிய முகம், எந்நேரமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறவன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கள்ளு. எதிர்வீட்டுச் சென்னியம்மாள் அதைக் கண்ணால் பார்த்தவள் மாதிரியே சொல்லுவாள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது பாவாத்தாளுக்குத் தெரியும். இருந்தாலும் அவள் முயற்சியை விட்டதில்லை.

அன்று உச்சி வெயிலுக்கே திருமூர்த்தி திரும்பி வந்துவிட்டான். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைச் சிரிப்பு.

"ஏனம்மணி, உன்ற ஊட்டுக்காரரு இன்னைக்கு வெள்ளனயே ஏத்திட்டு வந்துட்டாரா?" என்றாள் சென்னியம்மாள் தன் வாசலில் இருந்தபடி.

"ஆமாங்கக்கா. உங்க ஊட்டுக்காரரு நேத்து மிச்சம் வெச்சுட்டுப் போயிருந்தாராமா. வீணாப் போவுதேன்னு குடிச்சாருங்க."

சென்னியம்மாள் உள்ளே போய்விட்டாள். அவள் புருஷன் குடிக்கிறவன் என்பதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

திருமூர்த்தி சொன்ன செய்தி இதுதான். வால்பாறை எஸ்டேட்டுக்குப் போகிற புது பஸ்ஸில் ஊர்ப் பெயர் எழுத ஏணியில் ஏறினான். 'வா' எழுதியதும் பிரஷ் நழுவிக் கீழே விழுந்தது. திரும்ப எடுத்தான், திரும்ப விழுந்தது. முதலாளியே வந்துவிட்டார். வந்து திட்டினாரா? இல்லை. அவன் தோளில் கை போட்டார். வெயிலில் நிற்காதே, வீட்டுக்குப் போய் நாளைக்குப் பூராவும் படு, நாளான்னைக்கு வா, பிரஷ் பிடிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, உட்கார்ந்த இடத்தில் வெள்ளைப் பொடியைக் குழைத்துக் கொடு, அது போதும் என்றார்.

"எந்த மொதலாளி இப்படிச் சொல்லுவாரு, சொல்லு பாக்கலாம்? ஏலாத கைய வெச்சுட்டு நிக்கறவனுக்கு வேலை குடுக்கறாரு" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது.

லட்சுமணசாமி முதலாளி நல்லவர் என்பதில் ஊரில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. பாவாத்தாளுக்கும் இல்லை. நல்லவர்கள் மேல் அவளுக்கு ஒரு பயம் இருந்தது, அவ்வளவுதான். கெட்டவன் வீட்டு நாய் குரைக்கும், எட்ட நின்றுகொள்ளலாம். நல்லவர்கள் கிட்டத்தில் வந்து தோளில் கை போடுவார்கள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அவரை நினைக்க நேரமில்லை. கைதான் நினைவாக இருந்தது. சோறு தின்னவும், கும்பிடவும், கோவணம் கட்டவும் வேண்டிய வலது கை. மறுநாள் விடிந்ததும் புருஷனை இழுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே இருந்த டாக்டர் பாலக்காட்டுக்காரர். தொந்தியும் இல்லை, சிரிப்பும் இல்லை. திருமூர்த்தியின் கையைத் தூக்கி விட்டார். அது தொப்பென்று விழுந்தது. திரும்பவும் தூக்கி விட்டார்.

"அதை எத்தனை தடவை போட்டாலும் கீழதானுங்க விழும், மேல பறக்காதுங்க" என்றாள் பாவாத்தாள்.

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, திருமூர்த்தியின் கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினார். பல்லின் அடியில், ஈறு ஓரமாக, மை தீட்டியது போல ஒரு நீலக்கோடு ஓடியது. இரண்டு வருஷமாக அந்த வாயோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தும் பாவாத்தாள் அதைப் பார்த்ததில்லை.

"என்ன ஜோலி இவருக்கு?"

"பெயிண்டருங்க. பஸ்ஸுக்கு அடிக்கறாருங்க."

"அப்போ சரி. ஈயம்" என்றார் டாக்டர். "அந்த வெள்ளைப் பொடி இருக்குதே, அது ஈயம். செவப்புப் பொடியும் அதுதான். வயித்துக்குப் போயாச்சு. வயித்துல நின்னு ரத்தம். ரத்தத்துல நின்னு கை. இனி அடுத்தது தலை."

"தலைக்குப் போனா?"

"வலிப்பு வரும். பின்னே எங்கிட்ட வரண்டாம், வந்தும் பலனில்ல."

பாவாத்தாள் பேசாமல் நிற்பது திருமூர்த்திக்கு வலிப்பைவிடப் பயமாக இருந்திருக்க வேண்டும். அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"இப்போ நிறுத்தினா கை வரும்" என்றார் டாக்டர். "சாவகாசமா வரும், மாசக்கணக்காகும். வரும். பக்ஷே அந்தக் கொட்டகைக்குள்ள இனி கால் வைக்கக் கூடாது. அடிக்கறது, தேய்க்கறது, குழைக்கறது ஒண்ணும் கூடாது. குழைக்கறதுதான் எல்லாத்திலயும் மோசம்."

பாவாத்தாளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. கை வரும். அந்த இரண்டு வார்த்தைக்காக அந்தச் சிரிக்காத மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. தொண்டாமுத்தூரில் அவள் அண்ணன், வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் கத்தரியும் அவரையும் போட்டிருக்கிறான். ஆள் இல்லாமல் திண்டாடுகிறான். அங்கே போய் யானை விரட்டத் தகரம் தட்டினாலும் போதும். இடது கையால் தட்டட்டும்.

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "கை கழுவாமல் தின்னுவாரோ?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! எங்க சனத்துல கை களுவாம ஆருங்க சோத்துல கை வெப்பாங்க? சீமெண்ணெய் போட்டு, சாம்பல் போட்டு, அப்பறம் தண்ணி ஊத்தித் தேச்சுட்டுத்தான் பொழுதோட ஊட்டுக்குள்ளயே வருவாருங்க."

"அங்கே ஒண்ணும் தின்னமாட்டாரோ?"

"மத்தியானச் சோத்தையும் வெளிய மரத்தடியில கை களுவிட்டுத்தானுங்க" என்றாள்.

திருமூர்த்தி தொண்டையைச் செருமினான். "வேலை முடியறப்ப வெல்லம் குடுப்பாங்க" என்றான்.

"வெல்லமா? எதுக்கு?"

அதற்குப் பதில் சொல்ல பாவாத்தாளே முந்திக்கொண்டாள். அதில் அவளுக்கே ஒரு பெருமை இருந்தது. வீதியில் அதைச் சொல்லி அலட்டியிருக்கிறாள். முதலாளிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம், சொந்தக் கரும்பாலை. பஞ்சரவை நடந்த காலத்திலேயே பஞ்சுத் தூசு நெஞ்சில் தங்காமல் இருக்க வேலைக்காரப் பெண்களுக்கு வெல்லம் கொடுப்பார். கொட்டாய் பெயிண்டுக்கு மாறியபோதும் அந்தத் தருமத்தை அவர் நிறுத்தவில்லை. பஞ்சுக்கு வெல்லம் என்றால் பெயிண்டுக்கும் வெல்லம். உள்ளே போனதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆளிடம் கொடுத்து அனுப்புகிற பழக்கமும் இல்லை. அவரே பித்தளைத் தட்டில் வெள்ளைத் துணி போட்டு மூடி, வேலை முடிகிற நேரத்துக்குக் கொட்டாய்க்குள் வந்து, ஒவ்வொருவர் கையிலும் தன் கையால் ஒரு துண்டு வைப்பார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "கழுவின கையிலோ?"

திருமூர்த்தி பதறிப்போனான். "மொதலாளி தட்டெடுத்துட்டு வந்து நிக்கறாங்க. அவங்களைய நிக்க வெச்சுப்போட்டுக் கை களுவப் போறதுங்களா? மரியாதை இல்லீங்களே! அவங்க முன்னாலயே வாயில போட்டுக்கறதுதானுங்க மொறை. வாங்கி வெச்சுக்கிட்டா, புடிக்கலையோன்னு அவங்க மனசு சங்கடப்படுமுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பாவாத்தாள் புருஷனின் கையைப் பார்த்தாள். பிசுபிசுக்கிற வெல்லம், அதை உருட்டுகிற விரல்கள், நக்கித் துடைக்கிற நாக்கு. நாள் தவறாமல். அந்த வெல்லத்துக்கு ஒரு தனி ருசி என்று அவன் சொல்லிச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள்.

"இனிப்பா இருந்துச்சுங்களா?" என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் அவளுக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. நாளைக்குக் காலையில் தொண்டாமுத்தூர். துணிமணியை மூட்டை கட்ட வேண்டியது, வண்டி ஏற வேண்டியது. திருமூர்த்தி சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தவன், வீதி முனையில் நின்றுவிட்டான்.

"மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போயிரலாம் புள்ள. சொல்லாமக் கொள்ளாமப் போனா நன்றி கெட்டவம்பாங்க."

"வார்த்தை சொல்றதுக்கு வாயிலே வார்த்தை இருக்கோணுமுங்க. உங்ககிட்ட இருக்கறது 'சரிங்க' ஒண்ணுதான். அதைய வெச்சுட்டு எப்படி வேலையை விடுவீங்க?"

"சொல்லிருவேன்."

"நானும் வாரேன். நீங்க சொல்லற அழகைப் பாக்கோணும்."

பொழுது சாய்கிற நேரத்துக்கு இருவரும் பட்டறைக்குப் போனார்கள். கொட்டாய்ப் படுதாவை விலக்கியதும் அந்த வாசனை முகத்தில் அறைந்தது. வால்பாறை பஸ் நடுவில் நின்றது. அதன் நெற்றியில் 'வா' மட்டும் எழுதப்பட்டு, மீதி இடம் காலியாக இருந்தது. வேலை முடிந்து பெயிண்டர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மூத்தவன் ராமுலு. அவனுடைய முகமும் திருமூர்த்தியின் முகத்தைப் போலவே சாம்பல் பூசியிருந்தது. மற்றவர்களுக்கும் அப்படித்தான். வெளியே ஒவ்வொருவனாகப் பார்த்தால் தெரியாது. வரிசையாக நிற்கும்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். தரையெல்லாம் வெள்ளைப் பொடி சிந்திக் கிடந்தது.

முதலாளி தட்டோடு வந்தார். சலவை வேட்டி, அங்கவஸ்திரம், நெற்றியில் நாமம். பாவாத்தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வா அம்மணி, வா. கண்ணு திருமூர்த்தி, கை எப்படி இருக்குது? உன்னைய நாளைக்குத்தான வரச் சொன்னேன்?"

"பரவால்லீங்க" என்றான் திருமூர்த்தி.

பாவாத்தாள் காத்திருந்தாள். வேறு வார்த்தை வருகிறதா என்று பார்த்தாள்.

"ஒண்ணும் வெசனப்படாத. எடது கையில துடுப்புப் போட்டு அந்த வெள்ளையக் கொழைச்சுக் குடு, போதும். என்ற ஆளு ஒருத்தனையும் நான் ஊட்டுக்கு அனுப்புனதில்லை. உசுரு இருக்கற வரைக்கும் இங்கயே இருந்துக்க."

"சரிங்க" என்றான் திருமூர்த்தி.

தூ என்று துப்பலாம் போலிருந்தது பாவாத்தாளுக்கு. துப்பவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள். "மொதலாளிங்க, ஒரு ஒத்தாசை பண்ணோணுமுங்க" என்றாள் பணிவாக. அவள் பணிவாகப் பேசும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அவள் வீதி நாய்க்குக்கூடத் தெரியும். முதலாளிக்குத் தெரியவில்லை.

"சொல்லு அம்மணி."

"தட்டுல இருந்து ஒரு துண்டு ராமுலண்ணன் கையில வெய்ங்க. அண்ணன் அதைய நல்லா உருட்டிக் குடுக்கட்டும். அவரு கையில இருந்து வாங்கி நீங்க வாயில போட்டுக்கோங்க."

கொட்டாயில் ஒருவன் இருமினான். முதலாளி சிரித்தார். "எனக்கெதுக்கு அம்மணி? நானென்ன பெயிண்டா அடிக்கறேன்?"

"கொட்டாயிக்குள்ள வந்துட்டீங்களே. காத்தாவது பட்டிருக்குமில்லீங்களா? வெல்லம் தின்னா எல்லாம் அடிச்சுட்டுப் போயிருமுங்களே."

முதலாளியின் பார்வை ராமுலுவின் கைக்குப் போயிற்று. ராமுலு பாவம், கையை நீட்டிக்கொண்டே நின்றான். ரேகையெல்லாம் வெள்ளை. நகத்துக்குள் சிவப்பு. உள்ளங்கையில் எண்ணெயும் பொடியுமாக ஒரு பற்று. முதலாளி அந்தக் கையைப் பார்த்தார். அங்கவஸ்திரத்தின் நுனியை எடுத்து உதட்டைத் துடைத்துக்கொண்டார். வாயில் ஒன்றும் இல்லாதபோதே துடைத்துக்கொண்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

"வெல்லத்துல ஒண்ணுமில்லீங்க. உங்க தோட்டத்து வெல்லம், தங்கமாட்ட இருக்குமுங்க" என்றாள் பாவாத்தாள். "கையிலதானுங்க இருக்குது. அது ஈயமுங்க. பெரியாஸ்பத்திரி டாக்டரு சொல்லிப்போட்டாரு. வயித்துக்குப் போயி, கைக்குப் போயி, தலைக்குப் போயி ஆளைக் கொண்டுபோயிருமாமுங்க. நீங்க அதைய வெல்லத்துல தொட்டுத் தொட்டு உள்ள அனுப்பிட்டிருக்கறீங்க. அண்ணா, உங்க வயிறு முறுக்குதா இல்லையா, சொல்லுங்க. ஆரு ஆருக்கு முறுக்குதோ கையத் தூக்குங்க. தூக்க முடியறவங்க தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. ஆனால் ராமுலு தன் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தான். பக்கத்தில் நின்றவன் கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஜெயித்துவிட்டோம் என்று பாவாத்தாள் நினைத்தாள்.

அப்போதுதான் லட்சுமணசாமி முதலாளி அழுதார்.

கத்துவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். கத்தினால் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுக்கத் தயாராகவும் வந்திருந்தாள். அவர் கத்தவில்லை. நாமத்துக்குக் கீழே கண் இரண்டும் கலங்க, "நான் என்ற ஆளுகளுக்கு வெசம் வெக்கறேங்கறியா அம்மணி? எங்கப்பன் காலத்துல இருந்து குடுக்கற வெல்லம்" என்றார். குரல் உடைந்து போயிற்று. பொய் அழுகை இல்லை, நிஜமாகவே அழுதார். இந்த நல்லவர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? வைதால் வையலாம், அடித்தால் தடுக்கலாம். கையில் தட்டோடு நின்று அழுகிற பெரிய மனுஷனுக்கு எந்தச் சாஸ்திரத்தில் பதில் இருக்கிறது?

ராமுலுவுக்குப் பொறுக்கவில்லை. "மொதலாளி, வேணாமுங்க! பொம்பளைப் புள்ள, வெவரந் தெரியாமப் பேசிப்போடுச்சு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றான். சொல்லிவிட்டுத் தானே கையை நீட்டி, தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அவர் பார்க்க வாயில் போட்டுக்கொண்டான். நன்றாகச் சப்புக்கொட்டித் தின்றான். அடுத்தவன் நீட்டினான். அதற்கடுத்தவன். வேட்டியில் கையைத் துடைத்தவன் இரண்டு துண்டாக எடுத்துக்கொண்டான். வயிறு முறுக்குகிறவர்கள், வெளிறிப்போனவர்கள், நாளைக்குக் கை விழப் போகிறவர்கள், எல்லாரும் முதலாளியின் கண்ணீர் தரையில் விழுந்துவிடக் கூடாதே என்று அவசர அவசரமாகத் தின்றார்கள். அவர் அவமானப்பட்டு நிற்பதை மட்டும் அவர்களால் பார்க்க முடியாது. பாவாத்தாளுக்குத் தெரிந்த வசவுகளில் ஒன்றுகூட இதற்குப் போதவில்லை. அட மடச் சாம்பிராணிகளா, அட தெய்வங்களா என்று மனசுக்குள் எதையோ சொன்னாள்.

வரிசையின் கடைசியில் திருமூர்த்தி நின்றான்.

"ஏனுங்க" என்றாள் பாவாத்தாள். அதட்டவில்லை. அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குக் கெஞ்சல்தான் வந்தது. அவள் கெஞ்சி அவன் பார்த்ததே இல்லை.

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. இடது கையை நீட்ட முடியாது. முதலாளியிடம் இடது கையால் வாங்குவது மரியாதை இல்லை. அதனால் இடது கையால் வலது மணிக்கட்டை அடியில் பிடித்துத் தூக்கினான். தொங்கிய உள்ளங்கையை மேலே திருப்பி, ஏந்தலாக வைத்து, குனிந்து நீட்டினான். முதலாளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தட்டில் இருந்ததிலேயே பெரிய துண்டாகப் பொறுக்கி அதில் வைத்தார். "நல்லா இரு கண்ணு" என்றார்.

திருமூர்த்தி அதை வாய்க்குக் கொண்டுபோனான். பாதி வழியில் மணிக்கட்டு பிடியிலிருந்து நழுவி மடங்கிற்று. வெல்லம் கீழே விழுந்து, வெள்ளைப் பொடியில் உருண்டு நின்றது.

"அச்சச்சோ" என்றார் முதலாளி.

"எடுத்துக்கறேனுங்க" என்று சொல்லித் திருமூர்த்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடது கையை நீட்டினான். அந்தக் கை போய்ச் சேருவதற்குள் பாவாத்தாளின் கால் போய்ச் சேர்ந்துவிட்டது. தின்கிற பண்டத்தின் மேல் அவள் பிறந்ததிலிருந்து கால் வைத்ததில்லை. வெல்லம் குதிகாலுக்கு அடியில் நெரிந்தது. கொட்டாயில் மென்றுகொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றன. திருமூர்த்தி அவள் காலைப் பார்த்தான். பிறகு விரல்களால் அவள் பாதத்தின் ஓரத்தை மெல்லத் தள்ளிப் பார்த்தான்.

அவள் இன்னும் அழுத்தினாள்.